நான் சொன்னது சரிதான், எதுவும் வெடிக்கவில்லை

எப்போதும் சரியாகவே பேசுகிற ஒருவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது பெரிய கொடுமை. தப்பாகப் பேசுகிறவனைத் திருத்தலாம், திட்டலாம், போனால் போகிறான் என்று விட்டும்விடலாம். சரியாகப் பேசுகிறவனை ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் கொடுமையாக இருந்தவன் நான்.

இரண்டாயிரங்களின் நடுவில், எல்லோர் கையிலும் செல்போன் முளைக்க ஆரம்பித்திருந்த சமயம், எனக்கு இருபத்து மூன்று வயது. இயற்பியல் படித்திருந்தேன். (இரண்டு அரியர் பாக்கி. யாரும் கேட்காதவரை நானும் சொல்வதில்லை.) விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. கூட்டம் வராத சென்டர் என்பதால் பெரும்பாலும் எதிரில் இருந்த டீக்கடையில்தான் இருப்பேன். ஓட்டு மெஷினில் தில்லுமுல்லு செய்ய முடியுமா, செல்போன் டவரால் சிட்டுக்குருவி சாகிறதா, நடுரோட்டில் நிறுத்துகிற போலீஸ்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கலாமா, தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் அந்தக் கடையில் தீர்ப்பு சொன்னவன் நான்தான். மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு டீ குடிக்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அதெல்லாம் கொட்டாவி என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அப்படி மூட்டை தூக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் மட்டும் அந்தக் கடைக்கு டீ குடிக்க வரவே மாட்டார். வீட்டில் கேட்கிறது போதும் என்று நினைத்திருப்பார்.

அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். நாங்கள் இருந்தது ஆமத்தூரில். கருக்கலில் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். அவள் விரல் நுனியில் வெள்ளி நிறத்தில் வெடிமருந்துக் கறை எப்போதும் இருக்கும். அந்தக் கையாலேயேதான் எனக்குச் சோறு போட்டாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் நான் அவளுடைய கம்பெனியின் சட்ட மீறல்களை அவளுக்கே விளக்குவேன்.

அந்த வருஷத் தீபாவளி சீசனில் கம்பெனியில் ஒரு புது விதி வந்தது. செல்போன் உள்ளே வரக்கூடாது. தீப்பெட்டி, கொண்டை ஊசி, மெட்டி எல்லாம் கூடாது என்பது பழைய விதி. அதற்கெல்லாம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். போன் வந்த பிறகு கைவைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கேட்டை ஒட்டித் தகரத்தில் ஒரு மறைப்பு. அதற்குள் ஒரு பெண் நின்றுகொண்டு, வருகிற பெண்களின் இடுப்பு, கொசுவம், முந்தானை எல்லாம் தடவிப் பார்த்து அனுப்புவாள்.

"கூச்சமாத்தான் இருக்கு. அந்தப் புள்ளைக்கும் கூச்சம் போல, அங்கிட்டுப் பார்த்துக்கிட்டே தடவுது" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. (அந்த வயதில் அது லேசாகக் கொதிக்கும்.) அரசு வேலைப் பரீட்சைக்கு வாங்கி வைத்திருந்த பொது அறிவுக் கைடில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பாடம் இருந்தது. அதை எடுத்துவைத்துக்கொண்டு தனிமனித மரியாதை பற்றி முழங்கினேன். பிறகு அறிவியலுக்கு வந்தேன். செல்போனிலிருந்து வருகிற அலைக்கு ஒரு வெடியைப் பற்றவைக்கிற சக்தி கிடையாது, பெட்ரோல் பங்கில் போர்டு வைத்திருப்பதே மூடநம்பிக்கை, ஆகவே ஆதாரமில்லாத ஒரு பயத்துக்காக ஆயிரம் பெண்களின் உடம்பில் கைவைக்கிறார்கள் என்று நிறுவினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் சரியான வாதம். அந்தப் பெண்களைத் தடவியது அசிங்கம்தான். அதை வேறு எவனாவது ஒழுங்கானவன் பேசியிருக்க வேண்டும்.

"நீ சொல்றது சரிதான், சோத்தத் தின்னு" என்றாள் அம்மா.

செல்வி அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் விடியும்போது அவளுக்கு வலி கண்டது. அப்பாவும் அக்காவின் மாமியாரும் ஆட்டோ பிடித்து அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா கூடப் போகவில்லை. சீசன் உச்சத்தில் சொல்லாமல் நின்றால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். தலைப்பிரசவம் எப்படியும் சாயங்காலம் ஆகும், மத்தியானம் வரை வேலை பார்த்துவிட்டுச் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவள் கணக்குப் போட்டாள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்வார், ஆபீசில் ஆளனுப்பிச் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் அங்கே எல்லாருக்கும் பிறப்பும் இறப்பும் தெரியவந்தன. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. தகவல் தெரிந்துகொள்வது ஒரு மனுஷியின் உரிமை, முதலாளி ஆளனுப்பிச் சொல்வது கருணை. எங்கள் அம்மாவுக்குக் கருணை தேவையில்லை என்று முடிவுசெய்தேன். என் போன் போக, என் ஓனரிடம் இரவல் வாங்கியிருந்த ஒரு பழைய போனும் என்னிடம் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அம்மாவின் டிபன் கேரியரில் அடித்தட்டில் வைத்தேன். மேலே கத்திரிக்காய்த் தட்டு, அதற்கு மேலே சோற்றுத் தட்டு. மணியடித்தால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அதிர்வில் வைத்தேன். எவர்சில்வர் தட்டுக்குள் ஒரு பொருள் அதிர்ந்தால் என்ன ஆகும் என்பது என் அரியர் பாடங்கள் இரண்டில் ஒன்றில் வருகிறது.

"ஏலே மாரி, மாட்டுனா என் வேலை போயிரும்லே" என்றாள் அம்மா.

அந்த விதியே சட்டப்படி செல்லாது என்றேன். கேரியர் சாப்பாட்டுக் கொட்டகையில்தானே இருக்கப்போகிறது, மருந்து இருக்கிற அறைகளுக்கும் அதற்கும் எம்புட்டுத் தூரம், நடுவில் போய் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள், இது உன் உரிமை என்றேன்.

"பிரசவம் ஒங்கக்காவுக்கு. ஒனக்கு எதுக்குலே உரிமை?" என்றாள். ஆனாலும் கேரியரை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி இருந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்த மனசு, வேறெதையும் யோசிக்கவில்லை.

வேன் போய்விட்டதால் நான்தான் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். தகர மறைப்புக்குள் போனாள். சோதனைக்காரப் பெண் மேல்தட்டை மட்டும் திறந்து சோற்றைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். அப்போதே நான் வண்டியைத் திருப்பியிருக்கலாம். எங்கள் குடும்பச் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும்.

வரிசையில் அடுத்து வந்த ஒரு சின்னப் பெண்ணின் இடுப்பில் போன் அகப்பட்டது. இன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போ என்று வாட்ச்மேன் சொன்னார். அவள் அழ ஆரம்பித்தாள். நான் மொபெட்டை ஸ்டாண்டு போட்டேன். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அவளைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். வாட்ச்மேன் என்னைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் அந்தச் சந்தடியில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்காகத்தான் போனேன் என்பது ஆபீஸ் படியேறும்போதே எனக்கு மறந்துவிட்டது.

மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதட்டத் தெரியாத குரல். அவர் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"நம்ம பேச்சியம்மா மகனா? ஒங்க அக்காவுக்கு வலி எடுத்திருக்காமே, இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போச்சு. போன் வந்தா ஒடனே சொல்லிவிடச் சொல்லியிருக்கேன். நீங்க கவலப்படாதீக தம்பி."

அம்மா என் உரிமைக் கேரியரைச் சுமந்துகொண்டே போய்க் கருணைக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. டீயைத் தொடாமல் பேச ஆரம்பித்தேன். சட்டம், அறிவியல், மறுபடி சட்டம். அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, மேலிடத்து விதி தம்பி, மீறினால் லைசென்ஸ் போய்விடும் என்றார். விதி தப்பு என்றேன். இருக்கலாம் என்றார். செல்போனால் வெடிக்காது என்றேன். வெடிக்காமலும் இருக்கலாம் என்றார். ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார், மறுக்கவும் மாட்டேன் என்கிறார். டீக்கடையில் இந்த மாதிரி ஆளை நான் சந்தித்ததே இல்லை.

"நீங்க படிச்சவுக, சொல்றது சரியா இருக்கும். ஆனா நீங்க சொல்றீகன்னு அம்புட்டுப் பேரு உசுர வச்சு நான் சோதிச்சுப் பார்க்க முடியாதுல்ல" என்றார்.

சோதித்துப் பார்க்க முடியாதா? அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வெறி ஏறிவிட்டது. என் போனை எடுத்தேன். இந்த நிமிஷம் உங்கள் கம்பெனிக்குள் ஒரு போன் இருக்கிறது, நான் கூப்பிடுகிறேன், வெடிக்கிறதா பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

அண்ணாச்சியின் முகம் வெளிறியதை அப்போதுதான் பார்த்தேன். "எந்த ரூமுலய்யா?" என்றார். அதற்குள் மணி போக ஆரம்பித்துவிட்டது.

கேரியர் சாப்பாட்டுக் கொட்டகையில் இல்லை. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன ஆனது என்று உடனே தெரிய வேண்டும் என்று, சரம் பின்னுகிற அறையின் வாசலை ஒட்டி அதைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். போன் அதிர்ந்ததும் அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு மூன்றும் சேர்ந்து சர்ர்ர்ரென்று இரைந்திருக்கின்றன. வேறு ஊராக இருந்தால் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் சர்ர்ரென்று ஒரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான், திரி பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஓடுவதற்குக் காரணம் கேட்கிற வழக்கமும் கிடையாது. பக்கத்தில் இருப்பவள் ஓடினால் ஓட வேண்டும், அவ்வளவுதான். அறைக்கு நாலு பக்கமும் வாசல், வேலை நேரத்தில் எதையும் சாத்த மாட்டார்கள். புதிதாகச் சேர்கிறவளுக்குச் சரம் பின்னச் சொல்லித் தருவதற்கு முன்னால் ஓடத்தான் சொல்லித் தருவார்கள். அந்த அறை ஓடியது. அதைப் பார்த்து அடுத்த அறை ஓடியது. கம்பெனியே வேலியைத் தாண்டி ஓடியது. இவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் ஓடினார்கள். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வெறுங்காலோடு பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், யாரும் கத்தவில்லை, காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எதுவும் வெடிக்கவில்லை.

"பார்த்தீங்களா" என்று திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. அண்ணாச்சி அறைகள் இருந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

அத்தனை பேரில் ஒரே ஒருத்திக்குத்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். அவள் மட்டும் வெளியே ஓடவில்லை. செல்விக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கேரியரை நோக்கிக் குனிந்தாள். அந்த வாசல் வழியாகத்தான் மற்றவர்கள் வெளியே பாய்ந்தார்கள். யாருடைய முழங்கால் எங்கே பட்டது என்று யாருக்கும் தெரியாது, யார்மேலும் தப்பும் கிடையாது. அம்மா வாசல்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

இரண்டு பெண்கள் அவளைச் சாக்கில் வைத்து ஆபீஸ் வராண்டாவுக்குத் தூக்கிவந்தார்கள். ஈரச் சாக்கு அது, யாரோ பயத்தில் கேரியர்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"செல்விக்கு என்னலே ஆச்சு? போன் வந்துச்சே."

"நான்தாம்மா கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

இதற்கு முந்தைய நிமிஷம்வரை என்னிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வேறு எங்காவது பார்க்கலாம் என்றால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

அந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அப்பா. நாரணாபுரத்தில் கம்பெனி வெடித்துவிட்டது, ஜனங்கள் ரோட்டில் ஓடுகிறார்கள் என்று பிரசவ வார்டுவரைக்கும் செய்தி போய்விட்டிருக்கிறது. ஒன்றும் வெடிக்கவில்லையப்பா, போனால் எல்லாம் வெடிக்காது என்று ஆரம்பித்தேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய் பழக்கத்தில் பேசியது.

"பேத்தி பொறந்திருக்கா. ஒங்கம்மா உசுரோட இருக்காளா, அத மட்டும் சொல்லு" என்றார் அப்பா.

அம்மாவையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அவள் எலும்பு வார்டில், அக்கா பிரசவ வார்டில். நடுவில் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அப்பா நடந்துகொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வேலையைத் திருப்பித் தரவில்லை. அம்மாவோடு அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களையும் அந்த சீசன் முழுக்க நிறுத்திவைத்தார்கள், போன் இருந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்ற சந்தேகத்தில். அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேரும் ஆமத்தூர்தான். அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் மூன்று வீட்டில் புதுத்துணி இல்லை, எங்களோடு சேர்த்து நாலு. குழாயடியில் அக்கா குடம் வைத்தால் பக்கத்துக் குடம் தள்ளிப்போகும்.

விதியும் மாறியது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேட்டில் டிபன் கேரியரின் எல்லாத் தட்டையும் திறந்து, சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். தடவுவதும் முன்னைவிட அழுத்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். தனிமனித உரிமைக்காக நான் நடத்திய போராட்டத்தில் கிடைத்த ஒரே சட்டத் திருத்தம் அதுதான்.

அம்மா பிறகு நடந்தாள், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான். உட்கார்ந்து சரம் பின்னுகிற வேலை அவளுக்கு முடிந்துபோனது. விரலில் இருந்த வெள்ளிக் கறை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி ஒரு நாள் காணாமலே போய்விட்டது. நான் கோயம்புத்தூரில் ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். ஊரில் என் முகத்தைக் காட்ட முடியவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

அம்மா அதற்குப் பிறகு செல்போனைக் கையால் தொடுவதில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீட்டுப் போனில் என் பெயர் வந்தால் அக்காவோ அக்கா மகளோதான் எடுப்பார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "அவசரமா, சரியான்னு கேளு." அதாவது அவசரத்துக்குக் கூப்பிடுகிறானா, தான் சொன்னது சரி என்று காட்டக் கூப்பிடுகிறானா. முதலில் அதில் கசப்பு இருந்தது. வருஷங்கள் போகப் போக அது வேடிக்கையாகி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பரவிவிட்டது. என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் சித்தப்பா என் மனைவியிடம் அந்தக் கேள்வியைத்தான் சீதனமாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதை என்னைவிட நன்றாகப் பயன்படுத்துகிறாள்.

அன்றைக்குப் பிறந்த பிள்ளை கனிக்குப் பத்து வயதானபோது அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்கு மதுரைக்கு நான் கூட்டிப்போனேன். சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். காத்திருக்கிற இடத்தில், என் பக்கத்து நாற்காலியில், தண்ணீர் வேண்டும் என்று கேட்ட அப்பா தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. டாக்டர்கள் ஓடிவந்து என்னென்னமோ செய்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை, அப்பா போய்விட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். கனி எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கனி சிரித்துக்கொண்டே அதை என்னிடம் கேட்டாள்.

"மாமா, அவசரமா, சரியா?"

"அவசரம்" என்றேன்.

என்னிடமிருந்து அவர்கள் அந்தப் பதிலைக் கேட்டதே இல்லை. கனியின் சிரிப்பு நின்றது. பிறகு சாய்ந்து சாய்ந்து வருகிற காலடி கேட்டது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அம்மா போனைக் கையில் வாங்கினாள்.

இனிமேல் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருக்காது என்றுதான் நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்து கோயம்புத்தூர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். கனி எடுத்தாள். அந்தக் கேள்வியைக் கேட்காமல், சாப்பிட்டீங்களா மாமா என்றாள். அப்போது அடுப்படியிலிருந்து அம்மா, எப்போதும் கேட்கிற அதே குரலில், அதையே கேட்டாள்.

"அவசரம் இல்லம்மா. சரின்னு காட்டத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

"அப்படின்னா வைக்கச் சொல்லு. அடுப்புல சோறு கெடக்கு" என்றாள்.